மலைமேல மழையா?

“மாமா, ஆத்துல தண்ணி போவுதாமே! ஞாயித்துக்கிழமை காலையில எறங்குனா சாயங்காலத்துக்குள்ள கரையேறிடலாம். நீயும் வா.”

போன ஐப்பசியில் அக்கா மகன் பெங்களூரிலிருந்து போனில் இப்படிக் கூப்பிட்டான். அவனும் நண்பர்கள் இருவரும் சேர்ந்து, காற்றடித்து மிதக்கவிடும் கயாக் மூன்று வாங்கியிருந்தார்கள். மடித்தால் ஒரு முதுகுப்பைக்குள் அடங்கிவிடும் படகு. செங்கத்துக்குக் கீழே செய்யாற்றில் இறங்குவது, பத்துக் கிலோமீட்டர் துடுப்புப் போடுவது, ஏதாவதொரு பாலத்தருகே ஏறிக் காரில் வீடு திரும்புவது. அவன் திட்டம் அவ்வளவுதான்.

நான் அந்த ஆற்றங்கரையில் பிறந்தவன். செய்யாற்றில் ஒருவன் பொழுதுபோக்குக்காகப் படகு விடுவான் என்று என் தாத்தாவிடம் யாராவது சொல்லியிருந்தால் அவருக்கு விளங்கியே இருக்காது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் அவர் காலத்தில் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. கரையில் உட்கார்ந்து அது வடியக் காத்திருப்பது.

செய்யாறு மழையை நம்பிய ஆறு. ஜவ்வாது மலையில் பெய்தால் ஆறு, பெய்யாவிட்டால் மணல். மலையிலிருந்து இறங்கி, செங்கத்தையும் கலசபாக்கத்தையும் திருவத்திபுரத்தையும் தொட்டுக்கொண்டு போய்த் திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. வழியில் அதனோடு சேரும் மிருகண்டா நதியும் கமண்டல நாகநதியும் அதே மலையின் பிள்ளைகள். மலைமேல் மேகம் நின்று பெய்தால் இத்தனை ஆறும் ஒரே இரவில் எழும். அதே படுகையில் சித்திரை மாதம் ஊற்றுத் தோண்டி, ஒரு குடம் நிரம்பக் காத்து நின்ற பெண்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

அன்று பாலங்கள் குறைவு. ஆனாலும் சந்தைக்குப் போயாக வேண்டும், மகளைப் பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும், வாங்கிய மாட்டை ஓட்டிவர வேண்டும். தாத்தா ஆற்றங்கரைக்குப் போனதும் தண்ணீரில் கால் வைக்கமாட்டார். தண்ணீரின் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டு வெற்றிலை போட உட்காருவார். மென்று துப்பி முடிப்பதற்குள் குச்சியைத் தாண்டித் தண்ணீர் கரையேறியிருந்தால் அன்றைக்குப் பயணம் கிடையாது. போகவேண்டியது கல்யாண வீடாக இருந்தாலும் கிடையாது. நிறமும் பார்ப்பார். தெளிந்த தண்ணீர் இடுப்பளவு ஓடினாலும் இறங்கலாம் என்பார். செந்தண்ணீர் முழங்காலளவு என்றாலும் கூடாது என்பார். காய்ந்த சருகும் எருக்கங்குச்சியும் நுரையும் சேர்ந்து மிதந்து வந்தால், மேலே நேற்றுவரை காய்ந்து கிடந்த கரையை ஆறு இன்றைக்கு நனைத்திருக்கிறது, இன்னும் ஏறும் என்று அர்த்தம்.

இதற்கெல்லாம் மேலாக ஒரு கேள்வி வைத்திருந்தார். சாமையும் புளியும் தேனும் பலாப்பழமும் சுமந்துகொண்டு மலையிலிருந்து சந்தைக்கு இறங்கிவருகிறவர்களைக் கரையில் நிறுத்திக் கேட்பார்: “மலைமேல மழையா?” ஜவ்வாது மலையின் பழங்குடியினரான அவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்து மலையாளிகள் வேறு, இவர்கள் வேறு. இவர்கள் பேச்சு தமிழ்தான். அவர்கள் சொல்லும் பதிலில் எந்த ஓடை, எந்தச் சரிவு, மழை எப்போது பிடித்தது, விட்டதா என்பதெல்லாம் இருக்கும். அதைக் கேட்டபின் தாத்தா வேறு யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

கேட்டுக்கொண்டு கிளம்பும் இந்தப் பழக்கம் இந்தக் கரைக்கு மிகப் பழையது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் எங்கள் நிலத்தைப் பாடிய பாட்டு. இயற்றியவர் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். மொத்தம் 583 அடிகள். செங்கண்மா என்று அன்று பெயர் கொண்ட செங்கத்தின் தலைவன் நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். அதில் வரும் சேயாறுதான் எங்கள் செய்யாறு. தமிழ் வகுப்பில் அதை ஆற்றுப்படை என்று சொல்லிக்கொடுத்தார்கள். பின்னாளில் தனியாக உட்கார்ந்து படித்தபோது, பிள்ளைகுட்டிகளோடு மலையும் ஆறும் கடந்து வருகிறவர்களிடம் அக்கறையுள்ள ஒருவன் பேசுகிற பேச்சாகவே அது எனக்குக் கேட்டது. காட்டாற்றுத் துறை அகழிக்குள் இறங்குவதுபோல் சரிந்து வழுக்கும், பார்த்து இறங்குங்கள் என்கிறான். பாசி மூடிய இடத்தில் கரையில் வளர்ந்த கோரைத் தண்டையும் சிறு மூங்கிலையும் பற்றிக்கொண்டு போகச் சொல்கிறான். இருட்டினால் குகையில் தங்கிவிட்டு விடிந்தபின் கிளம்பச் சொல்கிறான். வழி தப்பினால் கானவர்கள் வந்து காட்டுவார்கள் என்று தைரியமும் சொல்கிறான். இன்றைக்கு ஆற்றில் இறங்க நினைக்கிறவனுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பிள்ளைப் பருவத்தில் படகு என்று ஒன்று இல்லை. வாழைத்தண்டு இருந்தது, காய்ந்த சுரைக்குடுக்கை இருந்தது, அப்புறம் லாரி டியூப் வந்தது. எனக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு புரட்டாசி மாலை, ஒரே டியூபில் மூன்று பேர் தொங்கிக்கொண்டு முழங்காலளவு தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தோம். எங்கள் ஊரில் வாரக்கணக்கில் ஒரு சொட்டு மழை இல்லை. வானம் சுத்தமாக இருந்தது. முதலில் சத்தம்தான் வந்தது, நெல் மிஷின் தூரத்தில் ஓடுவதுபோல. பிறகு தண்ணீரின் நிறம் மாறியது. கரையேற வேண்டும் என்று தோன்றுவதற்குள் இடுப்புக்கு வந்துவிட்டது, நுங்கும் நுரையுமாக. டியூப் கையை விட்டுப் போயிற்று. மூன்று பேரும் ஆளுக்கொரு புங்கமரக் கிளையில் விடிய விடியத் தொங்கினோம். தாத்தா கரையில் அரிக்கேன் விளக்கோடு நின்று எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். தூங்கிவிடக் கூடாது என்பதற்காக. காலையில் இறங்கி வந்தபோது அவர் அடிக்கவில்லை. “யாரைக் கேட்டுக்கிட்டு எறங்குனீங்க?” என்று மட்டும் கேட்டார்.

நாங்கள் யாரையும் கேட்கவில்லை. மலைமேல் மத்தியானமே மழை பிடித்திருந்தது.

அக்கா மகன் கேட்ட ஆறு அன்றைய ஆறாகவும் இல்லை. மலைக்கும் செங்கத்துக்கும் நடுவே குப்பநத்தத்தில் இப்போது அணை இருக்கிறது. ஏறக்குறைய 60 அடி கொள்ளும். மிருகண்டாவிலும் செண்பகத்தோப்பிலும் அணைகள் வந்துவிட்டன. சின்ன மழையை அணை பிடித்து வைத்துக்கொள்கிறது, நல்லது. நிரம்பிய அணைக்குமேல் பெரிய மழை வந்தால் ஷட்டரைத் தூக்கத்தான் வேண்டும். அப்போது தண்ணீர் விரல் விரலாக ஏறுவதில்லை, ஒரேயடியாகத் தாவுகிறது. மழை விட்டு, வானம் வெளுத்து, குச்சி நட்டுப் பார்த்து, ஏறவில்லை என்று நம்பி இறங்கினவனுக்குப் பின்னால் ஷட்டர் திறக்கலாம். தாத்தாவின் குச்சி பொய் சொல்லாது. அணையில் எப்போது ஷட்டர் தூக்குவார்கள் என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

படுகையும் மாறிவிட்டது. மணல் அள்ளிய இடங்களில், கணுக்கால் தண்ணீரில் நடக்கிறவனுக்கு அடுத்த அடியில் ஆளை முழுங்கும் குழி காத்திருக்கிறது. தண்ணீர் ஓடாத ஆண்டுகளில் சீமைக்கருவேலம் படுகையை நிறைத்துவிட்டது. வெள்ளம் அந்த முட்புதரின் ஊடே போய்விடும், மனிதன் போகமாட்டான். சல்லடையில் சக்கை நிற்பதுபோல அவனைத் தண்ணீரின் வேகமே அங்கு அழுத்திப் பிடித்து வைத்துவிடும். காற்றடித்த படகுக்கு அந்த முள் என்ன செய்யும் என்று சொல்லவே வேண்டாம். தரைப்பாலங்களின் குழாய் வாய்களும் அப்படித்தான். தண்ணீர் பாதிப் பாலத்துக்கு நிற்கும்போது குழாய் உள்ளே இழுக்கும். மறுபக்கம் குழாயின் வாயில் என்ன அடைத்திருக்கிறதோ, யாருக்குத் தெரியும்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது தடுப்பணைகளுக்கு. நிலத்தடி நீருக்கு அவை செய்யும் நன்மை பெரியது. ஆனால் வெள்ளம் அதன்மேல் வழியும்போது, மேலிருந்து படகில் வருகிறவனுக்கு அணை கண்ணில் படாது. ஆறு ஒரு கோடு போட்டதுபோல் மட்டமாக முடிவது மட்டும் தெரியும். அந்தக் கோட்டுக்கு அப்பால் விழுகிற தண்ணீர் அடிக்குப் போய் மேலெழுந்து, மறுபடி சுவரை நோக்கியே திரும்பி உருண்டுகொண்டிருக்கும். விழுந்தவனை உள்ளே இழுக்கும், வெளியே தள்ளும், மறுபடி சுவரடிக்கே கொண்டுபோகும். அந்த நுரையில் பாதி காற்று; அதனால் லைஃப் ஜாக்கெட்டுக்கும் அங்கே மிதப்புக் குறைவு. காப்பாற்றக் குதிக்கிறவரும் அதே சுழலில் மாட்டிக்கொள்வார். ஆள் உயரம்கூட இல்லாத சுவர் இதைச் செய்யும். கோடை விடுமுறையில் பிள்ளைகள் குதித்து விளையாடிய இடம் என்பதால் யாருக்கும் அதன்மேல் பயம் வருவதில்லை.

நல்ல மாற்றம் ஒன்றையும் சொல்ல வேண்டும். அமிர்தி பக்கம் இறங்கும் நாகநதி பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது. வேலூர், திருவண்ணாமலை மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, நூறு நாள் வேலையில் மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் கிணறுகள் தோண்டி அதில் மறுபடி நீர் ஓடச் செய்தார்கள். ஆற்றைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று என்னை நம்பவைத்தது அவர்கள் வேலைதான்.

2024 இந்தப் பக்கத்து மக்களுக்கு மறக்காது. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று பெய்தது. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மண்சரிவு ஏழு உயிர்களைக் கொண்டுபோனது. ஜவ்வாது மலைக்குத் தென்மேற்கே ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. டிசம்பர் 2 அதிகாலையில் தென்பெண்ணையின் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது. லிட்டரில் சொன்னால் விநாடிக்கு ஏறக்குறைய 48 லட்சம். 1958இல் கட்டி முடித்த, 119 அடி உயரத்துக்கு நீர் கொள்ளும் அணை அது. அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் நடுவே செப்டம்பரில் திறந்த புதுப் பாலத்தை அந்த வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. முன்கூட்டியே எச்சரித்தோம் என்றது அரசு. எழுந்து ஓட நேரம் கிடைக்கவில்லை என்றார்கள் கரையோர மக்கள். செய்தி போவதற்கும் அது ஒரு மனிதரைப் போய்ச் சேர்வதற்கும் நடுவே எத்தனை தூரம் இருக்கிறது என்பதை அந்த இரவில் நான் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

செய்திக்கு இன்று குறைவில்லை. வானிலைத் துறை மாவட்டவாரியாகப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று சொல்லிவிடுகிறது. சென்னை, காரைக்கால் ரேடார் படங்களை யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் பார்க்கலாம். இடி மின்னலுக்குத் தாமினி, பொது எச்சரிக்கைக்கு டிஎன்-அலர்ட் என்று செயலிகள் இருக்கின்றன. அணை மட்டம் நாளிதழில் வருகிறது. ஒகேனக்கல்லில் காவிரி எவ்வளவு வருகிறது என்று பிலிகுண்டுலுவில் அளந்து சொல்லிவிடுகிறார்கள். அளவு கூடினால் பரிசல் ஓட்டத் தடை போட்டுவிடுகிறார்கள். பரிசல் ஏறுகிறவருக்கு அந்த ஓர் எண் போதும். எங்கள் மலையின் ஓடைகளுக்கு அப்படி ஓர் எண் அன்றாடம் காதில் விழுவதில்லை. மாவட்டம் முழுக்கப் பச்சை காட்டும் நாளில், மலையின் ஒரே ஒரு மடிப்பில் மேகம் இறங்கிப் பெய்துவிட்டுப் போகும். அதே மலைமேல் காவலூரில் 1968இல் வானாய்வுக் கூடம் அமைத்தார்கள். அங்கே 93 அங்குலத் தொலைநோக்கி இருக்கிறது. அங்கு வேலை செய்கிறவர்களும் மாலையானால் வெளியே வந்து கழுத்தை நிமிர்த்தி மேகம் பார்க்கத்தான் வேண்டும்.

ஆகவே மருமகனிடம், “எறங்கலாம். நான் சொல்றபடி” என்றேன்.

முதலில் ஊர் ஏரியில் இரண்டு நாள் படகைக் கவிழ்த்தோம். வேண்டுமென்றே கவிழ்த்து, தண்ணீரிலிருந்தபடியே திருப்பி, திரும்ப ஏற வேண்டும். கையில் துடுப்பு இருக்க வேண்டும். மூன்று பேரில் ஒருவனுக்கு இரண்டாம் நாள் மாலைதான் கைவந்தது. ஆற்றில் விழுந்தால் மல்லாந்து, கால் இரண்டையும் ஓட்டத்தின் பக்கம் நீட்டி மிதக்க வேண்டும், வேகத் தண்ணீரில் எழுந்து நிற்கப் பார்க்கக் கூடாது, பாறை இடுக்கில் கால் மாட்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். வேகமாக ஓடுகிற தண்ணீர் அரை அடி ஆழமே இருந்தாலும் நிற்கிற ஆளைத் தள்ளிவிடலாம்.

சனிக்கிழமை பைக்கில் கரையோரமாகவே போய் அவன் சொன்ன பத்துக் கிலோமீட்டரையும் பார்த்தோம். தடுப்பணையும் கருவேலமும் தரைப்பாலமும் கழித்தால், நம்பிப் போகக்கூடியது தொடர்ச்சியாக நான்கு கிலோமீட்டர்தான் தேறியது. அதைத்தான் எடுத்துக்கொண்டோம். ஏறவேண்டிய இடத்தில் கரைமரத்தில் சிவப்புத் துணி கட்டினோம், அதற்கு முந்நூறு அடி மேலே இன்னொன்று. இறங்குவது காலை ஏழு மணிக்கு, ஏறுவது பதினொன்றரைக்குள்; மலையில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டும். மழை பெய்கிற நாளில் போவதில்லை, விட்டு இரண்டு மூன்று நாள் கழித்துத் தண்ணீர் தெளியும்போதுதான். லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், விசில், எறிகயிறு. கயிற்றை யாரும் உடம்பில் கட்டக் கூடாது. அணைக்குள் படகு விட நீர்வளத் துறை அனுமதி வேண்டும், காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். நாங்கள் இரண்டையும் தொடாமல் கீழேயே நின்றோம். யார் யார், எங்கே இறங்கி எங்கே ஏறுகிறோம், எத்தனை மணிக்கு என்று எழுதி அக்காவிடம் கொடுத்தோம். பன்னிரண்டரைக்குள் போன் வரவில்லை என்றால் 112, பிறகு மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077.

இன்னொருவரையும் பிடித்துவைத்தேன். மலைமேல் ஜமுனாமரத்தூரில் டீக்கடை வைத்திருக்கும் ஒரு மலைவாசிப் பெரியவர். இரவு படுக்கும் முன் ஒரு தடவை, விடிகாலை ஒரு தடவை அவரைக் கூப்பிடுவது என்று ஏற்பாடு.

ஞாயிறு விடிகாலை ஐந்து மணிக்கு அவர் குரல் கம்மியிருந்தது. “தம்பி, ராத்திரி மூணு மணியிலேருந்து பீமன் அருவிப் பக்கம் இடி கேக்குது. இங்க தூறல்தான். ஆனா மேக்கால கருக்கலா நிக்குது. இன்னிக்கு வேணாம்.”

ரேடாரில் சின்னதாக ஒரு மஞ்சள் திட்டு. மாவட்டத்துக்குப் பச்சை. அணை நிரம்பவில்லை. ஆறு தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. மருமகன் தானே ஒரு குச்சியை நட்டுவிட்டு, அரை மணி நேரம் அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். குச்சியைத் தாண்டவே இல்லை தண்ணீர். என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. நண்பர்களில் ஏரியில் கடைசியாகத் தேறியவன், “பெரியவர் வேணாங்கிறாரு, விடுடா” என்று காற்றைத் திறந்துவிட்டான். கரையில் உட்கார்ந்து அக்கா கட்டிக்கொடுத்த புளிசாதத்தைத் தின்றோம். அன்று மாலைவரை ஆற்றில் ஓர் அங்குலம்கூட ஏறவில்லை. அதைப் பற்றி யாரும் குறைப்படவில்லை.

கார்த்திகை இரண்டாவது ஞாயிறு போனோம். நான்கு கிலோமீட்டருக்கு நான்கு மணி நேரம். தண்ணீரின் மட்டத்திலிருந்து பார்க்கும்போது ஜவ்வாது மலை இன்னும் உயரமாக, இன்னும் கிட்டத்தில் இருந்தது. கரையில் நின்றே பார்த்த மலை அது. ஐம்பது ஆண்டில் அந்த இடத்திலிருந்து ஒருநாளும் நான் பார்த்ததில்லை. பதினொன்று பத்துக்குச் சிவப்புத் துணியருகே ஏறினோம். மருமகன் முதலில் அக்காவுக்குப் போன் போட்டு ஏறிவிட்டோம் என்றான். அடுத்து ஜமுனாமரத்தூருக்குப் போட்டான். பெரியவர் எங்களைப் பற்றிச் சுருக்கமாகத்தான் விசாரித்தார். அவருக்குத் தெரியவேண்டியது வேறாக இருந்தது.

“செவ்வாக்கிழமை இங்க நல்ல மழ. அந்தத் தண்ணி அங்க வந்து சேந்துச்சா?”